நடந்தால் மட்டும் அறுந்த அழைப்பு

ஊரில் யாருடைய செல்போன் மக்கர் செய்தாலும் திட்டு வாங்குவது அவள்தான். கம்பெனி முதலாளியை யாரும் கண்ணால் பார்த்ததில்லை. டவரில் ஏறி இறங்குகிற ஆட்களையும் பார்த்ததில்லை. ஒன்றை அழுத்தி, மூன்றை அழுத்தி, பத்து நிமிஷம் ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்டு நொந்துபோன பிறகு, கடைசியில் கிடைக்கிற மனிதக் குரல் அவளுடையது. அதுவரை சேர்த்து வைத்த கோபத்தையெல்லாம் கூப்பிட்டவர்கள் அந்தக் குரலின் தலையில்தான் கொட்டுவார்கள்.

பன்னிரண்டு வருஷமாக அதே வேலை. இரண்டாம் மாடியில் ஒரு நீளமான கூடம். அறுபது நாற்காலிகள், அறுபது திரைகள், அறுபது ஹெட்செட்டுகள். ஜன்னலோரம் நாற்பத்தோராவது இடம் அவளுடையது. புகார் சொல்கிறவர்களிடம் முதலில் போனை அணைத்துப் போடச் சொல்ல வேண்டும் என்பது சட்டம். அதை ஒரு நாளைக்கு எழுபது எண்பது தடவை சொல்லிச் சொல்லி, ஆபீசில் அவளுக்கு 'ரீஸ்டார்ட் அக்கா' என்றே பெயர் விழுந்துவிட்டது. அவளுக்கு அதில் வருத்தமில்லை. புதிதாகச் சேருகிறவர்களுக்கு அந்தப் பெயரை அவளே சொல்லிச் சிரிப்பாள்.

கல்யாண வீட்டுக்குப் போனாலும் தப்பிக்க முடியாது. பந்தியில் உட்கார்ந்த கையோடு யாராவது ஒரு சித்தப்பா போனை நீட்டுவார். "ஏம்மா, உங்க கம்பெனி நெட்டு இப்படி ஆமை வேகத்துல போகுதே, கேக்கறதுக்கு ஆளே இல்லையா?" என்பார். கணவர் டவுன் பஸ் ஓட்டுநர். அவர் பக்கத்தில் உட்கார்ந்து சிரிப்பார்.

"பஸ் லேட்டானா எனக்குத் திட்டு, சிக்னல் போனா உனக்குத் திட்டு. நம்ம வீட்ல எதுக்குப் பஞ்சம் வந்தாலும் திட்டுக்குப் பஞ்சமே வராது."

ஆனால் அவளிடம் ஒரு தனி வித்தை இருந்தது. எதிர்முனையில் இருப்பவர் எங்கே இருக்கிறார் என்பதை அவள் காதே சொல்லிவிடும். சமையலறையா, குளியலறையா, லிப்டுக்குள்ளா, வண்டிக்குள்ளா என்று அவர்கள் சொல்வதற்கு முன்பே தெரிந்துவிடும். பக்கத்து இருக்கைக்காரி நம்பாமல் பல தடவை சோதித்துப் பார்த்துத் தோற்றிருக்கிறாள். அந்தக் காதைப் பற்றி அவளுக்கு உள்ளூரக் கொஞ்சம் கர்வம் உண்டு. யாரிடமும் காட்டிக்கொண்டதில்லை.

அந்த வருஷம் பெருமழை ஓய்ந்த பிறகு கால்வாய்ப் பாலத்துப் பக்கமிருந்து புகார்கள் வர ஆரம்பித்தன. முதலில் சிக்கியவர் ஒரு தபால்காரர்.

"ஏம்மா, முதல்லயே சொல்லிடறேன். போனை ரீஸ்டார்ட் பண்ணுங்கன்னு சொன்னீங்கன்னா, இந்த போனைத் தூக்கிக் கால்வாய்ல வீசிடுவேன்."

"சரி சார், சொல்லல. என்ன ஆச்சுன்னு சொல்லுங்க."

சண்டைக்குத் தயாராக வந்தவர், சண்டை கிடைக்காததில் கொஞ்சம் ஏமாந்துபோனார் போலிருந்தது.

"பேசிக்கிட்டே இருக்கறப்ப பட்டுனு போயிடுதும்மா. ஒரு நாளா ரெண்டு நாளா, மூணு வாரமா இதே பாடு. என் வீட்டுக்காரிக்கு முட்டியில ஆபரேஷன் ஆகியிருக்கு. வீட்ல தனியா இருக்கா. அவ கூப்பிடுவா, நான் எடுப்பேன், நாலு வார்த்தை பேசறதுக்குள்ள செத்துப்போயிடும். எனக்குத்தான் என்னமோ ஆயிடுச்சுன்னு அவ பயப்படறா, அவளுக்கு ஆயிடுச்சோன்னு நான் பயப்படறேன்."

அவள் திரையைப் பார்த்தாள். அந்தப் பகுதி டவரின் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி. எல்லாம் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். புகாரை எழுதி மேலே அனுப்பினாள். மேலே என்றால் மூன்றாம் மாடி. நெட்வொர்க் இன்ஜினியர்கள் இருக்கும் இடம். மறுநாள் அது 'குறை ஏதும் இல்லை' என்று திரும்பி வந்தது. கம்ப்யூட்டர் தன் பங்குக்குத் தபால்காரருக்கு 'உங்கள் புகார் தீர்க்கப்பட்டது' என்று ஒரு குறுஞ்செய்தியும் அனுப்பிவிட்டது.

அரை மணியில் அவர் திரும்பக் கூப்பிட்டார். அவளிடமே இணைக்கச் சொல்லி அடம் பிடித்திருக்கிறார்.

"தீர்த்துட்டீங்களாமே! யாரைத் தீர்த்தீங்க?"

அவளால் சிரிப்பை அடக்க முடியவில்லை. சிரித்துவிட்டு மன்னிப்புக் கேட்டாள். அவரும் சிரித்துவிட்டார். அன்று அவர் பதினோரு நிமிஷம் பேசினார்.

அதன் பிறகு அதே பகுதியிலிருந்து ஒவ்வொருவராக வந்தார்கள். வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்க்கிற ஒரு நர்ஸ். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிற ஒரு பயிற்சியாளர். கைக்குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துத் தூங்கப் பண்ணுகிற ஒரு இளம் தாய். எல்லாருக்கும் ஒரே நோய்: பேச்சு பாதியில் அறுந்துபோகிறது, நெட் நின்றுபோகிறது. எல்லாப் புகாரும் மேலே போய், குறை ஏதும் இல்லை என்று திரும்பி வந்தன. அவள் ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்து ஒவ்வொன்றையும் தேதி, நேரம், தெருவோடு எழுதி வைத்தாள்.

அதே தெருவில் ஒரு பேக்கரி இருந்தது. அதன் உரிமையாளர் வேறு ஏதோ விஷயமாகக் கூப்பிட்டபோது, போகிற போக்கில் சிக்னல் எப்படி என்று விசாரித்தாள்.

"எனக்கு ஒரு குறையும் இல்லையே. காலையிலேர்ந்து ஆர்டர் எடுக்கறதே போன்லதான். கல்லு மாதிரி நிக்குது."

இதுதான் அவளைக் குடைந்தது. பேக்கரிக்காரருக்குக் கல்லு மாதிரி நிற்கிற சிக்னல், பேக்கரி வாசலில் போகிற தபால்காரருக்கு மட்டும் ஏன் சாக வேண்டும்? இரண்டு நாள் அதே யோசனை. பாத்திரம் கழுவும்போதும் யோசனை, மகளுக்குத் தலை பின்னும்போதும் யோசனை. "அம்மா, முடியை இழுக்காதே, நான் ஒரு புகாரும் கொடுக்கல" என்று மகள் கத்தினாள்.

மூன்றாம் நாள், அந்த நர்ஸின் அழைப்பில்தான் அவள் காது பிடித்துக்கொண்டது. நர்ஸ் பேசும்போது வார்த்தைக்கு வார்த்தை மூச்சு வாங்கியது. பின்னால் செருப்புச் சத்தம் சீராக வந்தது. தபால்காரரிடமும் அதே மூச்சு. இளம் தாயின் பேச்சுக்குப் பின்னால் வண்டிச் சக்கரம் கிறீச்சிட்டது.

"மேடம், ஒண்ணு கேக்கறேன். நின்னுக்கிட்டுப் பேசினப்ப கட் ஆச்சா, நடந்துக்கிட்டுப் பேசினப்பவா?"

எதிர்முனையில் செருப்புச் சத்தம் நின்றது. அறுந்துவிட்டதோ என்று நினைத்தாள்.

"நடந்துக்கிட்டுதான்" என்றாள் நர்ஸ் மெதுவாக. "யோசிச்சுப் பாத்தா, எப்பவுமே நடக்கறப்பதான். ஸ்கூட்டர்ல போறப்ப மேப் சும்மா சுத்திக்கிட்டே இருக்கும். ஓரமா நிறுத்தினா உடனே வந்துடும். நான்தான் இதைக் கவனிக்கவே இல்ல."

அன்று மாலைக்குள் நோட்டில் இருந்த பதினெட்டுப் பேரையும் அவள் திரும்ப அழைத்தாள். பதினெட்டுப் பேரும் ஒரே பதிலைச் சொன்னார்கள்.

கூடத்தின் சுவரில் ஒரு பெரிய திரை உண்டு. ஒரு அழைப்புக்கு நாலு நிமிஷம் என்பது கணக்கு. தாண்டியவர்கள் பெயர் அதில் சிவப்பில் வரும். மறுநாள் அவள் பெயர் உச்சியில், சிவப்பாக. டீம் லீடர் வந்து நின்றான். அவளைவிடப் பதினைந்து வயது சின்னவன், கெட்டவனில்லை. அவனுக்கு மேலே இருக்கிறவர்கள் அவனைப் பிடுங்கினார்கள், அவ்வளவுதான்.

"அக்கா, என்னக்கா இது? அன்னைக்கு அந்தத் தபால்காரர் கால் மட்டும் பதினோரு நிமிஷம் போயிருக்கு."

"அவருக்குச் சொல்றதுக்குப் பதினோரு நிமிஷம் இருந்துச்சு தம்பி."

"நம்ம வேலை புகாரை எழுதி மேல அனுப்பறதோட சரி. கண்டுபிடிக்கறது மாடிக்காரங்க வேலை."

"அவங்க கண்டுபிடிக்கலையே."

"கொஞ்சம் பாத்துக்கங்கக்கா" என்று சொல்லிவிட்டுப் போனான்.

வார விடுமுறை அன்று மகளைக் கூட்டிக்கொண்டு கால்வாய்ப் பாலத்துப் பக்கம் போனாள். பள்ளிக்கூடத்தில் கடைசி வருஷம் படிக்கிற பெண். வர மாட்டேன் என்று முரண்டு பிடித்தவளை, பேக்கரி என்ற ஒரு வார்த்தையைச் சொல்லித்தான் கிளப்ப முடிந்தது. மகளைப் பேக்கரி மேஜையில் உட்கார்த்தி, கையில் ஒரு கிரீம் பன்னையும் போனையும் கொடுத்தாள்.

"நான் நடந்துக்கிட்டே இருப்பேன். நீ பேசிக்கிட்டே இரு. கட் ஆன உடனே நேரத்தைக் குறிச்சுக்கோ."

"லீவு நாள்லயும் ஆபீஸ் வேலை பாக்கற ஒரே ஆள் நீதாம்மா" என்றாள் மகள், வாய் நிறைய பன்னோடு.

மருந்துக் கடையைத் தாண்டி இருபதடி போனதும் அறுந்தது. திரும்பி வந்து மறுபடி நடந்தாள். அதே இடத்தில் அறுந்தது. ஏழு தடவை நடந்தாள். ஏழு தடவையும் இரண்டு மூன்றடி முன்னே பின்னே அதே இடம். எதிர்ப்பக்கம் போனாள். அங்கேயும் சலவைக் கடை வாசலில் ஒரு இடம். ஆனால் அந்த இடத்திலேயே நின்று புதிதாகக் கூப்பிட்டால் ஒன்றும் ஆகவில்லை; எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசலாம். மருந்துக் கடைக்காரர் வெளியே வந்து, "ஏதாவது தொலைச்சுட்டீங்களாம்மா?" என்று விசாரித்தார். மதியத்துக்குள் மகளுக்கே சூடு பிடித்துவிட்டது. பேக்கரிக்காரரிடம் பெரிய காகிதம் ஒன்று வாங்கி, தெருக்களையெல்லாம் கோடு போட்டு வரைந்து, அறுந்த இடங்களில் புள்ளி வைத்துக் கொடுத்தாள். புள்ளிகள் ஒரு கட்டடத்துக்கு இரண்டு பக்கமும் வரிசை கட்டி நின்றன. அந்தக் கட்டடத்தின் மொட்டை மாடியில்தான் டவர்.

மறுநாள் வேலைக்கு வந்ததும் அந்தக் காகிதத்தையும் நோட்டையும் எடுத்துக்கொண்டு மூன்றாம் மாடிக்குப் போனாள். பன்னிரண்டு வருஷத்தில் முதல் தடவை.

அந்தப் பகுதியைப் பார்க்கிற இன்ஜினியர் ஐம்பதைத் தாண்டியவர். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு அவளைப் பார்த்தார்.

"மேடம், அந்த டவர்ல ஒரு பிரச்சினையும் இல்ல. நீங்களே பாருங்க, எங்க ஸ்கிரீன்ல எல்லாமே பச்சை."

"சார், உங்க ஸ்கிரீன் நடக்கலையே."

சொன்ன பிறகுதான் அதிகப்பிரசங்கித்தனமாகச் சொல்லிவிட்டோமோ என்று அவளுக்கு உறைத்தது. ஆனால் அவர் கோபப்படவில்லை. கண்ணாடியை மூக்குக்கு இறக்கினார்.

"என்ன சொல்றீங்க?"

அவள் காகிதத்தை விரித்தாள். நோட்டைப் பிரித்தாள். இப்போது அதில் இருபத்தாறு பேர் இருந்தார்கள்.

"இத்தனை பேரும் நடந்தாங்கன்னு உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"மூச்சு வாங்கற சத்தம் கேட்டுச்சு சார். அப்புறம் கூப்பிட்டு விசாரிச்சேன்."

எல்லா அழைப்பும் பதிவாகும். அவர் இரண்டு மூன்றை எடுத்துப் போட்டுக் கேட்டார். முதல் தடவை அவருக்கு ஒன்றும் புரியவில்லை. அவள் விரலை உயர்த்தி, "இதோ, இப்ப" என்றாள். செருப்புச் சத்தம். அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"முதல் புகார் என்னைக்கு வந்துச்சு?"

தேதியைச் சொன்னாள். அதற்கு மூன்று வாரம் முன்பே தொல்லை ஆரம்பித்துவிட்டதாகத் தபால்காரர் சொன்னதையும் சொன்னாள். அவர் கம்ப்யூட்டரில் பழைய வேலைப் பதிவுகளைத் தேடினார். புயல் மழையில் பழுதான ஒரு ஆன்டெனாவை அந்த டவரில் மாற்றியிருந்தார்கள். மாற்றிய மறுநாளிலிருந்துதான் அந்தத் தொல்லை. அவர் முகம் மாறிவிட்டது. மேஜையில் இருந்த மூன்று டம்ளர்களை வட்டமாக வைத்தார்.

"ஒரு டவருக்கு மூணு முகம்னு வெச்சுக்குங்க. ஒண்ணொண்ணும் ஒரு திசையைப் பாக்கும், ஒண்ணொண்ணுக்கும் தனித்தனி கேபிள். நடந்து போறவரை ஒரு முகம் விட்டா, அந்தத் திசையில அடுத்து யார் இருக்காங்களோ அவங்க கையில பிடிச்சுக் கொடுக்கணும். ரெண்டு கேபிளை மாத்தி மாட்டிட்டா? கிழக்கே போறவரை டவர் மேற்கே போறதா நினைச்சுக்கும். இல்லாத பக்கம் கையை நீட்டும். பிடிக்க ஆள் இருக்காது. பேச்சு கீழ விழுந்துடும். ஒரே இடத்துல நிக்கறவருக்கு இது தெரியவே தெரியாது. ஸ்கிரீனுக்கும் தெரியாது. மூணு முகமும் வேலை செய்யுதில்ல, பச்சையாத்தான் காட்டும்."

அவர் எழுந்தார். "நாளைக்குக் காலையில நான் அங்க போறேன். நீங்களும் வரணும்."

"எனக்கு ட்யூட்டி இருக்கே சார்."

அந்தச் சிக்கலைத் தீர்த்தது டீம் லீடர். "போயிட்டு வாங்கக்கா. உங்க சீட்ல நான் உக்காந்துக்கறேன்" என்றான். சொன்னபடி அவனே நாற்பத்தோராவது நாற்காலியில் உட்கார்ந்து ஹெட்செட்டை மாட்டிக்கொண்டான்.

ஆறு மாடி ஏறி அந்த மொட்டை மாடிக்கு வந்தபோது காலை வெயில் சுள்ளென்று இருந்தது. பன்னிரண்டு வருஷமாக டவர், டவர் என்று பேசியிருக்கிறாள். கைக்கெட்டும் தூரத்தில் பார்த்தது இதுதான் முதல் தடவை. கம்பத்தில் ஆள் உயரத்துக்கு மூன்று வெள்ளைப் பெட்டிகள், மூன்று பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றன. இடுப்பில் பெல்ட் கட்டிய டெக்னீஷியன் மேலே ஏறினார். கேபிள்களில் வண்ணப் பட்டை சுற்றியிருக்கும். எந்த முகத்துக்கு எந்த வண்ணம் என்று இன்ஜினியர் கீழேயிருந்து படித்தார்.

டெக்னீஷியன் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். பிறகு மேலேயிருந்து ஒரு கத்தல்.

"சார்! செவப்பும் நீலமும் மாறிக் கிடக்கு சார்!"

இன்ஜினியர் அவளைத் திரும்பிப் பார்த்தார். ஒரு தடவை தலையை அசைத்தார். அந்தத் தலையசைப்பு அவளுக்குப் போதுமானதாக இருந்தது.

சரிசெய்ய அரை மணி நேரம் டவரை நிறுத்தி வைக்க வேண்டியிருந்தது. அந்த அரை மணியில் அந்தப் பகுதியே கொதித்துப்போய் வேறு கம்பெனி போன்களிலிருந்து புகார் செய்ததையும், டீம் லீடர் ஒற்றை ஆளாகப் பதினான்கு பேரிடம் திட்டு வாங்கியதையும் அவள் பிறகுதான் கேள்விப்பட்டாள். "எப்படிக்கா தினம் தாங்கறீங்க?" என்று கேட்டானாம் பக்கத்து இருக்கைக்காரியிடம்.

டவர் உயிர் பெற்றதும் அவள் தபால்காரரைக் கூப்பிட்டாள்.

"சார், எங்க இருக்கீங்க?"

"பேக்கரி வாசல்ல. ஏம்மா, இன்னொரு தடவை தீர்க்கப் போறீங்களா?"

"ஆமா சார். போனை வெக்காம பாலம் வரைக்கும் நடந்து போங்க. பேசிக்கிட்டே போங்க."

"என்னத்தைப் பேசறது?"

"எது வேணும்னாலும்."

ஒரு மாசமாக ஓயாமல் பேசிய மனிதருக்கு இப்போது ஒரு வார்த்தை கிடைக்கவில்லை. தொண்டையைச் செருமினார். பிறகு, தனக்கு மனப்பாடமாகத் தெரிந்த ஒன்றை எடுத்தார்.

"பதினாலாம் நம்பர், பூட்டுக்கடை. பதினாறு, மாடியில பல் டாக்டர். பதினெட்டு, காலி வீடு. இருபது, பாட்டு வாத்தியார், ரெண்டு பத்திரிகை வாங்கறவர்..."

இன்ஜினியர் கைப்பிடிச் சுவரோரம் வந்து நின்றார். டெக்னீஷியனும் வந்து நின்றார். கீழே, தோளில் பையோடு ஒரு சின்ன உருவம் காதில் போனை வைத்துக்கொண்டு நடந்து போவது தெரிந்தது. இவ்வளவு ஒல்லியாகவா இருப்பார் என்று அவளுக்கு ஆச்சரியம். அந்தக் குரலுக்கு அவள் ஒரு பெரிய மீசை வைத்துப் பார்த்திருந்தாள்.

"இருபத்தெட்டு, மருந்துக் கடை..."

மூன்று பேரும் மூச்சை அடக்கிக்கொண்டார்கள். மகள் புள்ளி வைத்த இடத்தை அந்த உருவம் மிதித்தது. கடந்தது.

"முப்பது, தையல்காரம்மா. முப்பத்திரெண்டு, நாய் இருக்கு, ஜாக்கிரதை. முப்பத்தி நாலு..."

நம்பர்கள் ஐம்பதைத் தாண்டின, அறுபதைத் தாண்டின. ஒரு சொல் கூடச் சிந்தவில்லை. உருவம் பாலத்தின் மேல் ஏறி, மறுபக்கம் இறங்கி நின்றது.

"அம்மா, நான் பாலத்துக்கு அந்தாண்ட வந்துட்டேன். இன்னும் கேக்குதா?"

"கேக்குது சார். நல்லா கேக்குது."

அவர் ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தாள்.

"சரிம்மா, வெச்சுடறேன். என் வீட்டுக்காரிகிட்டப் பேசணும்."

இன்ஜினியர் எழுதிய அறிக்கை ஒரே பக்கம்தான். அதில் 'குறையைக் கண்டறிந்தவர்' என்ற இடத்தில், நெட்வொர்க் பிரிவில் யார் பெயரையும் போடாமல், அவள் பெயரை முழுசாகப் போட்டிருந்தார். அதைப் படித்துவிட்டு, அந்த மழைக்குப் பிறகு ஆள் ஏறி வேலை பார்த்த எல்லா டவர்களையும் சோதிக்கச் சொல்லி உத்தரவு வந்தது. இன்னும் இரண்டில் கேபிள் மாறிக் கிடந்தது. புகார்ப் படிவத்தில் ஒரு புதுக் கேள்வி சேர்ந்தது: 'நின்றுகொண்டு பேசினீர்களா, நடந்துகொண்டா?' அறுபது நாற்காலிக்காரர்களும் இப்போது அதைக் கேட்கிறார்கள். அவள் கேள்வி என்று எல்லாருக்கும் தெரியும்.

மூன்றாம் மாடிக்கே வந்துவிடச் சொன்னார்கள். வாரத்தில் இரண்டு நாள் வருகிறேன், மீதி நாள் என் இடத்தில்தான் இருப்பேன் என்று சொல்லிவிட்டாள். யோசிக்க அவகாசம் கூடக் கேட்கவில்லை.

அறிக்கையின் நகல் கையில் கிடைத்த அன்று மாலை அதை மடிக்காமல், கசங்காமல், ஒரு அட்டைக்குள் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தாள். கணவர் கை கழுவிவிட்டு வந்து, நின்றபடியே உரக்கப் படித்தார். இரண்டு வரிக்கு ஒரு தடவை ஏதாவது ஒரு வார்த்தையில் முட்டிக்கொண்டு, "இது என்னது?" என்று கேட்டார். அவள் விளக்கினாள். மகள் மூன்று டம்ளரை எடுத்து வந்து வைத்தாள். அவள் பெயர் இருக்கும் வரிக்கு வந்ததும் அவர் அதை மட்டும் இரண்டு தடவை படித்தார். அந்த ஒரு பக்கத்தைப் படித்து முடிக்க அவர்களுக்கு முக்கால் மணி நேரம் ஆயிற்று.